எந்த வேலையை முதலில் எடுப்பது?

வினாவும் அதன் களமும்

ஓர் இயந்திரத்தின் முன் பல வேலைகள் காத்துக் கிடக்கும்போது அவற்றுள் எதனை முதலில் ஏற்றுவது என்ற வினா, பார்வைக்கு எளியதாயும் ஆராயத் தொடங்கிய மாத்திரத்தில் மிகக் கடினமாயும் தோன்றும் வினாக்களுள் ஒன்று. வேலைகள் யாவும் காலையிலேயே வந்து சேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும் நேரமும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அது வெறும் கணக்கோடு முடிந்துவிடும். அடுத்த வேலை எப்போது வரும் என்பதும், கையிலிருப்பது எப்போது முடியும் என்பதும் யதேச்சையாய் அமையும் இடத்திலோ, அது நிச்சயமின்மையின் நடுவே முடிவெடுக்கும் ஒரு சாஸ்திரமாகிவிடுகிறது. நூறாண்டுக்கு மேலாக இவ்வினாவுக்கு அளிக்கப்பட்டு வந்த விடைகளையும், அவை எங்கே வலுவிழக்கின்றன என்பதையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

சென்னையின் தென்புறம் இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான களம். 1958இல் கிண்டியில் அமைந்த தொழிற்பேட்டை தொடங்கி, தோல் பதனிடும் தொழிலும் லேத் பட்டறைகளும் வேரூன்றிய பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டை வழியாக, 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் நிறுவப்பட்டு மக்கள் நாவில் ‘மெப்ஸ்’ என்று வழங்கும் ஏற்றுமதி மண்டலம் வரையிலும், மேற்கே திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டை வரையிலும் பரவியிருக்கும் சிறுதொழில்களிற் பல, பிறர் கொடுக்கும் உருப்படியைக் கடைந்தும் துளையிட்டும் மெருகிட்டும் கொடுக்கும் ‘ஜாப் ஒர்க்’கை நம்பி நடப்பவை. இப்பகுதியின் ஊடே, கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடி வருகிறது. அதன் போக்குவரத்து அட்டவணைக்கு உட்பட்டது. தாமதம் நேர்ந்தாலும் அந்த அட்டவணையைக் கொண்டே அதை அளக்கிறோம். பட்டறைக்கோ அத்தகைய அட்டவணை கிடையாது. வாடிக்கையாளர் வரும் வேளை அவருடையது. வார்ப்பின் கடினமும், உளியின் தேய்மானமும், மின்சாரத்தின் தயவும் சேர்ந்தே வேலையின் நேரத்தை நிர்ணயிக்கின்றன. இந்தக் களத்தை ஒட்டியே, குரோம்பேட்டையில் 1949இல் தோன்றிய எம்.ஐ.டி.யும், கிண்டி வனத்தின் ஒரு பகுதியில் 1959இல் தோன்றிய ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன என்பதும், இவ்வினாவின் வரலாற்றில் பின்னதற்கு ஓர் இடம் உண்டு என்பதும் மனங்கொள்ளத் தக்கவை.

வந்தவருக்கு முதலிடம்

மிகப் பழைய விடை, முன்னே வந்தது முன்னே போகட்டும் என்பதே. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் எவரும் விளக்கமின்றி ஏற்கும் இந்த நியாயத்துக்குக் கணித வடிவம் கிடைத்தது தொலைபேசியின் மூலமாக. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்திற் பணியாற்றிய எர்லாங், அழைப்புகள் யதேச்சையாய் வந்து சேரும் முறையை ஆராய்ந்து 1909இல் வெளியிட்ட கட்டுரையோடு காத்திருப்பைப் பற்றிய சாஸ்திரம் பிறந்தது எனலாம். பின்னர் 1930இல் பொல்லாச்செக்கும் 1932இல் கின்சினும் கண்ட சூத்திரம், ஒற்றை இயந்திரத்தின் முன் ஒரு வேலை சராசரியாக எவ்வளவு காத்திருக்கும் என்பதை, வேலையின் சராசரி நேரத்தோடு இயந்திரத்தின் பளு, வேலை நேரங்களின் ஏற்றத்தாழ்வு என்ற இரண்டையும் சேர்த்து எடுத்துச் சொல்லிவிடுகிறது.

சராசரியாக ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலைகள் ஒரு லேத்துக்கு வருவதாகக் கொள்வோம். வேலை நேரங்களின் சிதறல் அவற்றின் சராசரிக்குச் சமமாக இருப்பின், லேத் நூற்றுக்கு 80 பங்கு நேரம் ஓடும்போது ஒரு வேலை சராசரியாக 4 மணி காத்திருக்க நேரும். 90 பங்கு ஓடினால் 9 மணி. 95 பங்கு ஓடினால் 19 மணி. வேலைகள் யாவும் ஒரே அளவினவாயின் இந்த எண்கள் பாதியாகக் குறையும். இயந்திரம் ஒரு நிமிஷமும் சும்மா நிற்கலாகாது என்று கருதுவது முதலீடு செய்தவரின் இயல்பு. அந்த ஆவல் கடைசி ஐந்து பங்கை எட்டும்போது, அதன் விலையை வாடிக்கையாளர் காத்திருந்து செலுத்துகிறார் என்பதே இக்கணக்கின் பொருள்.

வந்த வரிசை என்னும் விதிக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. வேலையின் அளவைப் பாராமல் எந்த வரிசையில் எடுத்தாலும் சராசரிக் காத்திருப்பு ஒன்றே. ஆனால் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையிலான வேற்றுமை வந்த வரிசையில்தான் மிகக் குறைவு என்பதைக் கிங்மன் 1962இல் நிறுவினார். அதன் பலவீனமும் இந்த இடத்திலேயே இருக்கிறது. வேலையின் அளவைப் பாராமை அதன் நியாயத்துக்கு அடிப்படையாயினும், ஐந்து நிமிஷத் துளையிடல் ஐந்து மணி நேரக் கடைசலின் பின்னே நிற்கும்படி செய்வதும் அதுவேயாகும்.

சிறியதை முன்விடும் கட்சி

ஒரு மணி நேர வேலையும் ஐந்து மணி நேர வேலையும் ஒருங்கே காத்திருந்தால், சிறியதை முதலில் முடிக்க இரண்டும் முடியும் நேரத்தின் சராசரி மூன்றரை மணி. பெரியதை முதலில் முடிக்க ஐந்தரை மணி. இந்த எளிய உண்மையை ஸ்மித் 1956இல் விதியாக்கினார்: ஒரு வேலை ஒரு மணி தாமதிப்பதால் நேரும் நஷ்டத்தை அவ்வேலையின் நேரத்தால் வகுத்து, ஈவு பெரிதாயிருப்பதை முதலில் எடுக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டில் ஜாக்ஸன், கெடு தவறுவதன் மிகப் பெரிய அளவைக் குறைப்பதே நோக்கமாயின் கெடு நெருங்கியதை முதலில் எடுக்கவேண்டும் என்று காட்டியிருந்தார். இரு விதிகளும் தத்தம் எல்லையில் மெய்யானவை. நோக்கம் மாறினால் விதியும் மாறுகிறது என்பதை இத்துறை தன் இளமையிலேயே கற்றுக்கொண்டது.

நேரங்கள் நிச்சயமற்றவை என்ற நிலைக்கு ஸ்மித்தின் விதியை 1966இல் ராத்காஃப் நீட்டினார். ஒற்றை இயந்திரத்தில், எடுத்த வேலையை இடையில் நிறுத்தாத நிலையில், மெய்யான நேரத்துக்குப் பதில் எதிர்பார்க்கும் சராசரி நேரத்தை வைத்து வகுத்தாலே போதும் என்பது அவர் முடிவு. வேலைகள் யதேச்சையாக வந்துகொண்டேயிருக்கும் நிலைக்கும் இவ்வகை விதி பொருந்தும் என்று காக்ஸும் மற்றொரு ஸ்மித்தும் 1961இலேயே தம் நூலில் காட்டியிருந்தனர். இடையில் நிறுத்த இடமிருந்து, மிச்ச நேரமும் தெரிந்திருந்தால், எப்போதும் மிச்சம் குறைந்ததைச் செய்வதே காத்திருப்போர் தொகையை மிகக் குறைவாக்கும் என்று 1968இல் ஷ்ராகி அளித்த நிரூபணம் இக்கட்சியின் சிகரம். வேலைகள் எந்த முறையில் வந்தாலும் அது செல்லும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆக்ஷேபங்கள் மூன்று. பெரிய வேலை என்றென்றைக்கும் பின்தள்ளப்படும் என்பது முதலாவது. இந்த அச்சம் ஓரளவு மிகையானது என்று பன்ஸலும் ஹார்கால்-பால்டரும் 2001இல் வாதித்தனர். மிகப் பெரிய வேலைகள் சிலவே மொத்தப் பளுவிற் பெரும்பங்கை ஏற்கும் இடங்களில், பெரிய வேலைகளுக்குங்கூட நஷ்டம் அற்பமே என்பது அவர்கள் கணக்கு. கணினிக்கு வரும் வேலைகளை மனத்திற் கொண்டு செய்த அவ்வாதம் லேத் பட்டறைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனியே சோதிக்கத் தக்கது. நேரத்தை யார் சரியாக மதிப்பிட வல்லார் என்பது இரண்டாவது ஆக்ஷேபம். கான்வே முதலியோர் 1960களில் கணினியில் நடத்திய சோதனைகளில், மதிப்பீடு ஓரளவு பிசகினாலும் இவ்விதியின் நன்மை பெரிதும் குன்றவில்லை என்று கண்டனர். அனுபவமுள்ள டர்னர் வரைபடத்தைப் பார்த்த அளவில் இது சிறிது, இது பெரிது என்று சொல்லிவிடுவார். விதிக்கு வேண்டியது பெரும்பாலும் அவ்வளவே.

மூன்றாவது ஆக்ஷேபமே வலுவானது. இந்த விதிகள் ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்குச் செலவில்லை என்று கொள்கின்றன. பட்டறையிலோ சக்கை மாற்றி, உளியை மாற்றி, சி.என்.சி. ஆயின் புரோகிராமையும் மாற்றி, முதல் உருப்படியை அளந்து பார்த்துச் சரிசெய்வதாகிய ‘செட்டிங்’ சில சமயம் வேலையைவிட நீண்டது. ஒரே செட்டிங்கில் முடியக்கூடிய வேலைகளைச் சேர்த்துக் கட்டாக எடுப்பவர் சிறியதை முன்விடும் விதியை மீறுகிறார். மீறியும் அதிகம் சாதிக்கிறார். செட்டிங் நேரமும் யதேச்சையான வரத்தும் சேர்ந்தால் உத்தமமான விதி எது என்பதற்கு, மிக எளிய அமைப்புகளைத் தவிர, பொதுவான விடை இன்றுவரை கிட்டவில்லை.

நடுவில் நிறுத்துவதன் விலை

வேலை நடக்கும்போதே அதைப்பற்றி நாம் சிலவற்றை அறிந்துகொள்கிறோம். அந்த அறிவைப் பயன்படுத்தும் உபாயத்தைக் கிட்டின்ஸ் 1970களில் கண்டார். ஒரு வேலை நிச்சயமாக 3 மணி பிடிக்கும். மற்றொன்று பாதிக்குப் பாதி வாய்ப்பில் 1 மணியில் முடியும், இல்லையேல் 9 மணி பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதன் சராசரி 5 மணியாதலால் முந்திய கட்சியினர் முதலாவதை எடுப்பர். இரண்டும் முடியும் நேரங்களின் கூட்டுத்தொகை சராசரியாக 11 மணி ஆகும். கிட்டின்ஸ் சொல்வது வேறு: இரண்டாவதை ஒரு மணி நேரம் செய்து பாருங்கள், முடியாவிடில் நிறுத்தி முதலாவதை முடித்துவிட்டு அதற்குத் திரும்புங்கள். இவ்வாறு செய்தால் தொகை பத்தரை மணி. ஒவ்வொரு வேலைக்கும் அதன் இப்போதைய நிலையைக் கொண்டே ஒரு குறியெண் கணித்து, பெரிய குறியெண் உடையதை எடுப்பதே உத்தமம் என்பது அவருடைய சித்தாந்தம்; வேலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்பாமல் தனித்தனியே மதிப்பிட்டுவிடலாம் என்பதே அதன் அழகு.

பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கு இது மிகவும் பொருந்துவது. திறந்து பார்த்த பிறகே ஒரு மோட்டாரின் கோளாறு சிறிதா பெரிதா என்று தெரியவரும் இடத்தில், எல்லாவற்றையும் முதலிற் சிறிது பார்த்துவிடுவது கிட்டின்ஸ் வழியே நடப்பதாகும். பாதி கடைந்த உருப்படியைச் சக்கிலிருந்து கழற்றினால் மையம் தப்பிவிடும் லேத்துக்கு இது பொருந்தாது. ஒரே சித்தாந்தம் அடுத்தடுத்த இரு ஷெட்டுகளில் ஒன்றுக்கு உதவி மற்றதற்கு உதவாமற் போவது இத்துறையில் வழக்கமே.

இயந்திரங்கள் பலவாகும்போது

இதுவரை கூறியவை ஒற்றை இயந்திரத்தைப் பற்றியவை. ஒரே வகையான இயந்திரங்கள் பல பக்கத்தில் பக்கத்தில் நின்றால், வேலை நேரங்கள் ஒரு குறிப்பிட்ட வகையான சிதறல் உடையனவாய் இருக்கும்வரை, சராசரி சிறியதை முன்விடும் விதி நிலைக்கிறது. கடைசி வேலை முடியும் நேரத்தைக் குறைப்பதே நோக்கமாயின், அதே நிபந்தனைகளின் கீழ், சராசரி பெரியதை முன்விட வேண்டும் என்பது விந்தையான முடிவு. சனிக்கிழமை மாலைக்குள் எல்லாவற்றையும் முடித்து ஷெட்டை மூட விரும்பும் முதலாளிக்கும், தம் வேலை விரைந்து கிடைக்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கும் உகந்த வரிசைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை ஆகின்றன.

வேலை ஓர் இயந்திரத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று, மீண்டும் முதலதற்கே திரும்பும் அமைப்புகளிலேதான் இத்துறையின் மிக ஆழ்ந்த அதிர்ச்சி நேர்ந்தது. அதை வெளிக்கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர், சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற பி. ஆர். குமார். சீட்மனோடு 1990இலும் லூவோடு 1991இலும் அவர் எழுதிய கட்டுரைகள், எந்த இயந்திரத்திலும் பளு மிஞ்சாதபோதும் வேலைக்குவியல் எல்லையின்றி வளரக்கூடும் என்பதை எடுத்துக்காட்டின.

அதன் சாரத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மணிக்கு ஓர் உருப்படி வருகிறது. அது முதல் இயந்திரத்தில் 6 நிமிஷமும், இரண்டாம் இயந்திரத்தில் 36 நிமிஷமும், அதே இரண்டாம் இயந்திரத்தில் மறுபடி 6 நிமிஷமும், கடைசியாக முதல் இயந்திரத்துக்கே திரும்பி 36 நிமிஷமும் ஏறவேண்டும் என்று கொள்வோம், இவை சராசரிகள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் மணிக்கு 42 நிமிஷ வேலையே உண்டு. பளு நூற்றுக்கு 70. இனி, முதல் இயந்திரம் நான்காம் கட்டத்துக்கும், இரண்டாம் இயந்திரம் இரண்டாம் கட்டத்துக்கும் முன்னுரிமை கொடுக்கட்டும். நான்காம் கட்டம் நடக்கும்போது முதற்கட்டம் நின்றுவிடுவதால் இரண்டாம் கட்டத்துக்கு உருப்படி போய்ச் சேர்வதில்லை. இரண்டாம் கட்டம் நடக்கும்போது மூன்றாவது நின்றுவிடுவதால் நான்காவதற்கு உருப்படி வருவதில்லை. ஆகவே வெவ்வேறு இயந்திரங்களில் உள்ள அவ்விரு கட்டங்களும் ஒரே வேளையில் நடக்க இயலாமற்போய், கண்ணுக்குப் புலனாகாத ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்வனபோல் ஆகின்றன. அந்த இரண்டுக்கும் வேண்டியது 72 நிமிஷம். மணிக்கு இருப்பதோ 60. ஒரு சமயம் இந்த இயந்திரம் பசித்திருக்க அதன் முன் குவியலும், மறுசமயம் அந்த இயந்திரம் பசித்திருக்க இதன் முன் குவியலுமாக மாறி மாறி, ஒவ்வொரு சுற்றிலும் குவியல் பெருகிச் செல்லும்.

வந்த வரிசை என்னும் பழைய விதியேனும் இந்த ஆபத்திலிருந்து தப்புமா என்றால், அதுவும் சில அமைப்புகளில் தப்பாது என்று பிராம்சன் 1994இல் நிறுவினார். தத்தம் அளவில் நியாயமாகத் தோன்றும் தீர்மானங்கள் கூடி முழுமையைக் கெடுக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த நிரூபணம் கிடைப்பது அரிது. கடைசிக் கட்டத்தை நெருங்கிய உருப்படிக்கு எங்கும் முன்னுரிமை கொடுத்தால் ஒரே வழிச் செல்லும் இத்தகைய அமைப்புகள் நிலைபெறும் என்பது பின்னர் உறுதியாயிற்று. அடுத்த இடத்தில் குவிந்திருப்பதையும் இங்கே குவிந்திருப்பதையும் ஒப்பிட்டு எடுக்கும் முறையைத் தாஸியுலஸும் எஃப்ரமைடிஸும் 1992இல் வகுத்தனர். இவை நிலைபேற்றைத் தருபவை. காத்திருப்பை மிகக் குறைப்பவை என்று சொல்லிவிட முடியாது.

வரிசையை விட்டுப் பளுவைப் பார்த்தவர்கள்

இவ்வாறு கணிதம் சிக்கலுற்ற வேளையில், வினாவையே மாற்றிக் கேட்டவர்களும் இருந்தனர். லிட்டில் 1961இல் நிறுவிய சமன்பாட்டின்படி, நாளொன்றுக்கு 10 வேலை முடிக்கும் பட்டறையில் 60 வேலை தேங்கியிருந்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியேற சராசரியாக 6 நாள் ஆகும்; வரிசையை எப்படி மாற்றினாலும் அந்தச் சம்பந்தம் மாறாது. தேக்கத்துக்கு உச்சவரம்பு விதித்து, ஒன்று வெளியேறினாலன்றி மற்றொன்றை உள்ளே விடாத முறையை ஜப்பானிய டொயோட்டா ஆலையில் ஓனோ கான்பான் என்ற பெயரில் நடைமுறையாக்கினார். கோல்ட்ராட் 1984இல் எழுதிய நாவல், நெருக்கடியான ஒரே இயந்திரத்தைக் கண்டறிந்து மற்றவற்றை அதன் வேகத்துக்கு உட்படுத்த வேண்டும் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது.

இக்கட்சியே பட்டறைகளுக்கு மிக அணுக்கமானது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். தடங்கல்களைப் பற்றி அது கூறுவது தமிழ்நாட்டின் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. இயந்திரம் நின்றுபோகும் மொத்த நேரம் ஒன்றாயிருப்பினும், அடிக்கடி நேரும் சிறு தடங்கல்களைவிட அரிதாய் நேரும் நீண்ட தடங்கல் காத்திருப்பை மிக அதிகமாக்கும். முன்னறிவிப்போடு வருவதைவிட அறிவிப்பின்றி வருவது கொடிது. 2012ஆம் ஆண்டை ஒட்டி மாநிலம் பட்ட மின்வெட்டுக் காலத்தில், அறிவித்த வேளையில் நின்ற மின்சாரத்துக்கேற்ப ஷிஃப்டை மாற்றிக்கொள்ள முடிந்தது. அறிவியாமல் நின்றதற்கு உபாயமே இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரையும் திருமுடிவாக்கத்தையும் ஈக்காட்டுத்தாங்கலையும் கிண்டிப் பேட்டையையும் நீரில் ஆழ்த்தியதோ எந்தச் சராசரிக்கும் சிதறலுக்கும் அடங்காதது. அத்தகையவற்றை வரிசை விதிகளுள் அடக்க முயல்வது வீண்.

இக்கட்சியின் குறை, பெரிய ஆலை தன் வரத்தைத் தானே கட்டுப்படுத்தவல்லது போல் சிறு பட்டறையும் வல்லது என்று கருதுவது. உச்சவரம்பு எட்டிவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லும் பட்டறைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவது நிச்சயமில்லை. பெரிய நிறுவனம் அனுப்பும் ‘அர்ஜண்ட் ஜாப்’ வரம்பையும் வரிசையையும் ஒருங்கே உடைக்கிறது. தாமதத்தால் நேரும் நஷ்டத்தை அளக்கும் எடை, சூத்திரத்தில் தரப்பட்ட எண்ணாக நிற்கிறது. நடைமுறையில் அதை நிர்ணயிப்பது, அடுத்த ஆர்டரைக் கொடுக்கவும் மறுக்கவும் வல்லவரின் அதிகாரமே.

தீராமல் நிற்பவை

நிரூபணத்துக்கு எட்டாத இடங்களில் கணினிச் சோதனையே துணை. இயந்திர வரிசைகளின் மிகச் சிறந்த அட்டவணையைத் தேடுவது, நேரங்கள் யாவும் தெரிந்த நிலையிலுங்கூட, கணக்கிடற்கரிய வகையைச் சேர்ந்தது என்பதைக் கேரி, ஜான்ஸன், சேத்தி ஆகியோர் 1976இல் காட்டிவிட்டமையால், நல்ல குறுக்கு விதிகளைத் தேடும் முயற்சி பெருகியது. இம்முயற்சியில் சென்னை ஐ.ஐ.டி.யின் சந்திரசேகரன் ராஜேந்திரனுக்குத் தனி இடம் உண்டு. வேலையின் நேரத்தோடு, அடுத்த இயந்திரத்தின் முன் தேங்கியிருக்கும் வேலையையும் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கும் விதிகளை அவரும் ஹோல்ட்ஹவுஸும் 1990களில் வகுத்துச் சோதித்தனர். சராசரியில் சிறந்த விதி, மிக மோசமாகத் தாமதித்த வேலையின் அளவில் சிறந்ததாக இருப்பதில்லை என்பது அச்சோதனைகளிலும் தெளிவாயிற்று.

இவை அனைத்தையும் சீர்தூக்கின், ஒற்றை இயந்திரத்துக்கு விடைகள் பெரும்பாலும் முற்றுப்பெற்றுவிட்டன என்றும், பல இயந்திரங்களின் முன் ஒரே வரிசை நிற்கும் நிலைக்குப் பளு மிக ஏறிய எல்லையில் மட்டும் அண்மையில், 2018இல், நல்ல விடை கிடைத்தது என்றும், வலைப்பின்னலாய் அமைந்த பட்டறைகளுக்கு நிலைபேறு வரைதான் உறுதி கிடைத்திருக்கிறது என்றும் சொல்லலாம். வரத்தின் வேகமே மாறிக்கொண்டிருக்கும் நிலைக்குச் சாஸ்திரம் இன்னும் தயங்குகிறது. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2021இல் அறிவித்து 2022இல் உற்பத்தியை முடித்துக்கொண்டதுபோல், ஒரு தீர்மானத்தால் ஒரு பகுதியின் ஆர்டர் ஓட்டமே திசை மாறக்கூடுமானால், நிலையான சராசரியை அனுமானித்து வகுத்த விதிகள் எவ்வளவு செல்லும் என்பது திறந்த வினா. தொழிலாளியின் களைப்பும் அவ்வாறே. குவியலைக் கண்டு வேகம் கூட்டுபவரும், இரவு ஷிஃப்டின் பிற்பகுதியில் வேகம் குறைபவரும் மனிதர்களே. வேலை நேரம் குவியலைச் சார்ந்திராது என்ற அனுமானம் கணிதத்தின் சௌகரியத்துக்காகக் கொள்ளப்பட்டது. அதைத் தளர்த்திய ஆராய்ச்சிகள் இன்னும் சிலவே.

இவற்றுக்கெல்லாம் முந்தியது, கணக்கில் இடுவதற்கு எண்கள் வேண்டும் என்பது. பட்டறை நடத்துவோர் தம் ஜாப் கார்டில், வேலை வந்த நேரம், இயந்திரத்தில் ஏறிய நேரம், இறங்கிய நேரம், நடுவில் நின்றிருந்தால் அதன் காரணம் ஆகிய நான்கையும் தவறாமல் குறித்துவரவேண்டும். குரோம்பேட்டையிலும் கிண்டியிலும் உற்பத்திப் பொறியியல் பயிலும் மாணவர்களை அவர்தம் ஆசிரியர்கள் அந்தக் கார்டுகளிடம் அனுப்பவேண்டும். ஓராண்டுக் குறிப்பு கைக்கு வந்தால், திருமுடிவாக்கத்துக்கும் நாகல்கேணிக்கும் எந்த விதி பொருந்தும் என்ற வினாவை அந்த எண்களைக் கொண்டே கேட்கத் தொடங்கலாம்.